"நான் பொம்பளை இல்லையா?" – சோஜர்னர் ட்ரூத் நிஜமாவே அப்படித்தான் கேட்டாங்களா?

கீழவாசல் கனகா:

மார்ச் 8 வந்தா போதும், வாட்ஸ்அப்ல அந்த வீடியோ கிளம்பிடும். ஒரு நடிகை தலையில வெள்ளைத்துணி கட்டிக்கிட்டு மேடையில நின்னு "நான் பொம்பளை இல்லையா?"ன்னு திரும்பத் திரும்பக் கேப்பாங்க, கூட்டம் எந்திரிச்சு நின்னு கை தட்டும். "1851ல் ஒரு கறுப்பின அடிமைப் பெண் ஆற்றிய வீர உரை"ன்னு கேப்ஷன் வேற. நம்ம தளத்துலயும் சில பேரு ஷேர் பண்ணிருந்தீங்க. நல்ல எண்ணத்துலதான் பண்றீங்க, ஆனா அதுல ரெண்டு கோளாறு இருக்கு, அதைப் பேசத்தான் இந்த இழை.

முதல் கோளாறு, அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரங்க சோஜர்னர் ட்ரூத், அடிமையா பொறந்து பின்னாடி ஊர் ஊரா மேடை ஏறிப் பேசின கறுப்பினப் பெண், 1851ல அடிமையே இல்ல. நியூயார்க் மாநிலத்துல 1827 ஜூலை 4ஓட அடிமை முறை சட்டப்படி முடிஞ்சிடுச்சு. அவங்க அதுக்கும் முன்னாடியே, 1826 கடைசியில, கைக்குழந்தையைத் தூக்கிட்டு டூமான்ட்ன்ற முதலாளி வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்க. ஒரு வருஷம் முன்னாடியே விட்டுடறேன்னு வாக்கு குடுத்துட்டு, உன் கையில அடிபட்டதால இந்த வருஷம் வேலை குறைஞ்சுபோச்சுன்னு அந்தாளு பேச்சு மாறிட்டான். "நான் ஓடிப்போகல, ஓடறது தப்புன்னு நினைச்சேன், நடந்துதான் போனேன்"னு பின்னாடி சொல்லிருக்காங்க. எனக்கு அவங்களைப் பிடிச்சுப் போனதே இந்த ஒரு பதில்லதான்.

ரெண்டாவது கோளாறு அந்த வரியே. 1851 மே 28, 29 ரெண்டு நாள் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் ஊர்ல ஒரு சர்ச்சுல பெண்ணுரிமை மாநாடு. தலைமை பிரான்சஸ் டேனா கேஜ்னு ஒரு வெள்ளைக்கார அம்மா. ரெண்டாம் நாள் ட்ரூத் எந்திரிச்சுப் பேசறாங்க. அங்க கூட்டத்துல இருந்த மரியஸ் ராபின்சன்ன்றவரு தன்னோட 'ஆன்டி ஸ்லேவரி பியூகிள்' பத்திரிகையில ஜூன் 21ஆம் தேதி, அதாவது ஒரு மாசம்கூட முழுசா ஆகறதுக்குள்ள, அந்தப் பேச்சைப் போட்டுட்டாரு. அதுல "நான் பொம்பளை இல்லையா"ன்னு ஒரு இடத்துலகூட இல்ல. 12 வருஷம் கழிச்சு, 1863 ஏப்ரல் 23ல, கேஜ் அம்மா 'நியூயார்க் இண்டிபென்டன்ட்'ல தன் ஞாபகத்துல இருந்து எழுதினாங்க, அதுலதான் அந்த வரி முதல் தடவையா வருது. நாம வருஷா வருஷம் ஃபார்வேர்ட் பண்றது இந்த 1863 சரக்குதான்.

என் கட்சி என்னன்னா, 1851ல வந்த பேச்சுதான் பெட்டர். அதைத்தான் பரப்பணும்.

டீக்கடை பெஞ்ச்:

அக்கா இது தெரியாம நான் ஸ்டேட்டஸ் வேற வச்சிருக்கேன். இப்ப எடுத்துடவா வேணாமா.

சரி அது இருக்கட்டும், அந்த ஒரிஜினல்ல அப்படி என்னதான் பேசினாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.

கீழவாசல் கனகா:

சொல்றேன் தம்பி. ரொம்பச் சின்னப் பேச்சு, ரெண்டு மூணு நிமிஷத்துல படிச்சு முடிச்சிடலாம். நம்ம பேச்சுல சொன்னா இப்படி வரும்.

முதல்ல நான் நாலு வார்த்தை பேசலாமான்னு அனுமதி கேக்கறாங்க. அப்புறம், எந்த ஆம்பளைக்கும் இருக்கற பலம் எனக்கும் இருக்கு, அவன் பாக்கற வேலை அத்தனையும் நானும் பாப்பேன், ஏர் ஓட்டிருக்கேன், அறுத்திருக்கேன், சோளத்தோல் உரிச்சிருக்கேன், மரம் வெட்டிருக்கேன், புல்லு அறுத்திருக்கேன், இதுக்கு மேல எந்த ஆம்பளை என்ன பண்ணிடுவான்? ஆம்பளை அளவுக்கு சுமை தூக்குவேன், அவன் அளவுக்கு சாப்பிடவும் செய்வேன், கிடைச்சா. (இந்த "கிடைச்சா"வுல கூட்டம் சிரிச்சிருக்கும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.)

அடுத்தது மூளை விஷயம். பொம்பளைக்கு மூளை கம்மின்னு அப்ப சர்வ சாதாரணமா பேசுவாங்க. அதுக்கு இவங்க மல்லுக்கு நிக்கல. சரிப்பா, ஆம்பளைக்கு ஒரு குவார்ட் (நம்ம படி மாதிரி ஒரு அளவு), பொம்பளைக்கு அதுல பாதி, ஒரு பைன்ட்னே வச்சுக்கோ, அந்த ஒரு பைன்ட்டையாவது அவ நிறைச்சுக்கட்டுமே, அதுக்கு ஏன் தடுக்கறே? எங்களுக்கு உரிமை குடுத்தா அளவுக்கு மேல எடுத்துப்போம்னு பயப்படாதே, எங்க பாத்திரம் கொள்ற அளவுக்குத்தானே எடுக்க முடியும்.

அப்புறம் பைபிள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா காது கேக்கும். ஏவாளாலதான் மனுஷன் பாவம் பண்ணான்னு கேட்டிருக்கேன். சரி, உலகத்தை ஒரு பொம்பளை கவுத்துட்டானா அதை நிமித்தி வைக்கவும் அவளுக்கு ஒரு சான்ஸ் குடு. இயேசு எப்படிப் பூமிக்கு வந்தாரு? படைச்ச கடவுளால, பெத்த பொம்பளையால. ஆம்பளையே, இதுல உன் பங்கு எங்க?

கடைசியா, இப்ப ஆம்பளை பாடு திண்டாட்டம், ஒரு பக்கம் அடிமை ஏறி வர்றான், இன்னொரு பக்கம் பொம்பளை ஏறி வர்றா, பருந்துக்கும் கழுகுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க.

எங்கயாவது கெஞ்சல் இருக்கா பாருங்க. ஆம்பளைங்களைப் பாத்து "பாவம், குழம்பிப் போயிருக்கீங்க பிள்ளைங்களா, பொம்பளை உரிமை உங்க கையில இருந்தா அவகிட்ட குடுத்துடுங்க, உங்களுக்கே நல்லா இருக்கும்"னு ஆறுதல் வேற சொல்றாங்க.

டீக்கடை பெஞ்ச்:

குவார்ட்டர்னு படிச்சு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன் ஹிஹி.

அந்த "உன் பங்கு எங்க" செம்ம. பாதிரியாருங்க உக்காந்திருக்கற இடத்துல கேட்டாங்களா இதை?

பாயின்ட் பரமசிவம்:

ஒரு நிமிஷம். எல்லாரும் கனகா அக்கா பின்னாடி போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். 1851ல டேப் ரெக்கார்டர் கிடையாது. ராபின்சன் எழுதினதும் ஒரு ஆள் எழுதினதுதானே? அவரும் வெள்ளைக்காரர், பத்திரிகைக்காரர், திருத்தி சுத்தம் பண்ணி பாலிஷ் போட்டுத்தான் அச்சுக்கு அனுப்பிருப்பாரு. அந்தக் கேள்வியை அவர் விட்டிருக்கலாம்ல? கேஜ் அம்மா அன்னைக்கு மேடையிலயே உக்காந்திருந்தவங்க, தலைவி வேற. தலைவி சாட்சி செல்லாது, ரிப்போர்ட்டர் சாட்சி செல்லும்னா அது என்ன நியாயம்?

ரெண்டாவது, இந்த வரி இல்லேன்னா இன்னைக்கு நாம இந்த இழையே ஓட்ட மாட்டோம். யாருக்கு ஞாபகம் இருக்கும் பைன்ட்டும் குவார்ட்டும்?

கீழவாசல் கனகா:

பரமசிவம் சார், முதல் கேள்வி ரொம்ப நியாயமான கேள்வி. ராபின்சன் எழுதினது அட்சரம் பிசகாத பதிவுன்னு யாரும் சொல்லல, அவரே அந்தப் பேச்சோட வேகத்தையும் தொனியையும் பேப்பர்ல கொண்டு வர முடியாதுன்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கறாரு. ஆனா கேஜ் எழுதினதுல செக் பண்ணிப் பாக்கற மாதிரி சில விஷயம் இருக்கு, அது ஒவ்வொண்ணா இடிக்குது.

கேஜ் வெர்ஷன்ல ட்ரூத் "13 பிள்ளை பெத்தேன், பெரும்பாலும் எல்லாத்தையும் அடிமைச் சந்தையில வித்ததைப் பாத்தேன்"னு சொல்றாங்க. நிஜத்துல அவங்களுக்கு 5 பிள்ளைங்க. தன் பிள்ளைங்க எத்தனைன்னு ஒரு தாய்க்குத் தெரியாதா? கேஜ் எழுதினபடி கூட்டம் முழுக்க எதிர்ப்பு, உஸ்ஸுன்னு சத்தம், "அவளைப் பேச விடாதீங்க"ன்னு பெண்களே வந்து தலைவி காதுல ஓதறாங்க. 1851லயே வந்த செய்திகள்ல இந்தக் கலவரத்தைக் காணோம், நல்ல வரவேற்புன்னுதான் இருக்கு. இன்னொண்ணும் கவனிங்க, 1863 ஏப்ரல்லதான் அங்கிள் டாம் நாவல் எழுதின ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் 'அட்லாண்டிக் மன்த்லி'யில ட்ரூத் பத்தி ஒரு கட்டுரை எழுதி அது பரபரப்பாகுது. அந்த மாசம் கடைசியிலயே கேஜ் கட்டுரை வருது. ஸ்டோவ் அம்மா அந்தக் கட்டுரையில ட்ரூத் செத்துப்போயிட்டாங்கன்னே எழுதிட்டாங்க, அவங்க என்னடான்னா அதுக்கப்புறம் 20 வருஷம் இருந்தாங்க!

இதுக்கெல்லாம் மேல, பாஷை. கேஜ் எழுதினது தெற்கு மாநில அடிமைங்க பேசற கொச்சை இங்கிலீஷ் மாதிரி இருக்கும். ட்ரூத் பொறந்தது நியூயார்க்ல, அல்ஸ்டர் கவுன்ட்டி, ஹட்சன் ஆத்துப் பக்கம், 1797 வாக்குல. முதலாளிங்க டச்சுக்காரங்க. ஒன்பது வயசு வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு டச்சு மட்டும்தான் தெரியும்.

ஒஹாயோ தமிழச்சி:

கனகாக்கா இதைச் சொல்லாம விட்டுடுவாங்களோன்னு பாத்தேன். அந்த டச்சு விஷயம் அவங்க சுயசரிதையில வரும் (1850ல வந்தது, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால ஆலிவ் கில்பர்ட்ன்றவங்ககிட்ட சொல்லி எழுத வச்சாங்க). 1806ல ஏலத்துல ஒரு ஆட்டு மந்தையோட சேத்து 100 டாலருக்கு நீலின்ற ஆளுக்கு வித்துட்டாங்க. அந்த வீட்டுல இங்கிலீஷ் மட்டும்தான், இந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை புரியாது. வீட்டம்மா வறுக்கற சட்டி எடுத்துட்டு வான்னா இது அடுப்புக்கு மேல பானை தொங்க விடற கொக்கியைக் கொண்டுபோய் நீட்டும். அடி விழும். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கொட்டாய்க்குள்ள கூப்பிட்டு, தணல்ல வாட்டிக் கட்டுக் கட்டி வச்சிருந்த குச்சியால அடிச்சதுல ஆன தழும்பு கடைசி வரைக்கும் போகல. புரியாத பாஷைக்காக அடிவாங்கின பிள்ளை, அந்தப் பாஷையிலயே பின்னாடி நாடு பூரா மேடை ஏறிப் பேசினாங்க. அவங்க வாயில போய் இல்லாத ஒரு கொச்சையைத் திணிச்சது எனக்கு ஆறவே ஆறாது.

நான் இருக்கறது ஆக்ரன்ல இருந்து கார்ல போற தூரம்தான். அந்தப் பழைய சர்ச் இப்ப இல்ல. அந்த இடத்துல 2024 மே 29ஆம் தேதி, பேச்சு நடந்த அதே தேதியில, அவங்க பேர்ல ஒரு சின்ன சதுக்கம் திறந்தாங்க, உட்ரோ நாஷ்னு உள்ளூர் சிற்பி செஞ்ச சிலை இருக்கு. போற வழியில இருந்தா எட்டிப் பாருங்க.

பாயின்ட் பரமசிவம்:

பாஷை பாயின்ட் ஒத்துக்கறேன், அது வலுவான பாயின்ட். 13 பிள்ளையும் ஓகே. ஆனா என் ரெண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரல. 1863 வெர்ஷன்தான் 1881ல வந்த பெண் வாக்குரிமை வரலாற்றுத் தொகுப்புல ஏறிச்சு, அங்க இருந்துதான் உலகம் பூரா போச்சு. கேஜ் அம்மா மசாலா சேத்தாங்கன்னே வச்சுக்குவோம், அந்த மசாலா இல்லேன்னா ட்ரூத் பேரு ஆக்ரனோட நின்னிருக்கும். அதுவும் இல்லாம "வண்டியில ஏத்திவிட பொம்பளைக்குக் கை குடுக்கணும், பள்ளத்தைத் தாண்ட தூக்கிவிடணும்னு சொல்றீங்களே, எனக்கு எவன் கை குடுத்தான், நான் பொம்பளை இல்லையா"ன்ற அந்த இடம் இருக்கே, வெள்ளைக்காரப் பொம்பளைக்கு ஒரு நியாயம் கறுப்புப் பொம்பளைக்கு ஒரு நியாயம்ன்றதை இதைவிட நறுக்குனு சொல்ல முடியுமா? 1851 வெர்ஷன்ல இது இல்லவே இல்லையே!

கீழவாசல் கனகா:

இதுக்கு என்னால சுலபமா பதில் சொல்ல முடியாது, ஏன்னா பாதி நீங்க சொல்றது சரி. அந்த வண்டி, பள்ளம் உதாரணம் பிரமாதமா எழுதப்பட்டது. ஆனா அதை எழுதினது யாரு? கேஜ். நல்ல எழுத்தாளர், அவங்க பேர்லயே போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நெல் இர்வின் பெயிண்டர்ன்ற வரலாற்றாசிரியர், அவங்களும் கறுப்பினத்தவர்தான், 1996ல ட்ரூத் வாழ்க்கையை எழுதினப்ப இதையெல்லாம் பிரிச்சு மேஞ்சு சொல்லிட்டாங்க, ஜனங்களுக்கு அந்த வரியை விட மனசில்ல, நிஜ ஆளைவிட அடையாளம்தான் வேணும்னு இருக்காங்கன்னு நொந்துக்கிட்டாங்க.

என் ஆத்திரம் எங்கன்னா, நிஜ ட்ரூத் தமாஷ் பண்றவங்க, லாஜிக் பேசறவங்க, பைபிளை வச்சே பைபிள்காரனை மடக்கறவங்க. கேஜோட ட்ரூத் கையை மடக்கி சதையைக் காட்டி முழங்கற ஒரு பெரிய உருவம். முதலாவது ஆளோட வாதாடணும், ரெண்டாவது ஆளைப் பாத்து அழுதுட்டுப் போயிடலாம். வாதாடறதைவிட அழறது ஈஸி, அதான் அது வைரல் ஆகுது.

வக்கீல் மாமா:

வாதாடறதுன்னதும் நான் வந்துட்டேன். மேடைப் பேச்சையே பேசிட்டிருக்கீங்க, அந்தம்மா கோர்ட்டுக்குப் போன கதை யாராவது சொல்லிருக்கணும்.

1826ல டூமான்ட் வீட்டை விட்டு வர்றப்ப பெரிய பிள்ளைங்களை அங்கயே விட்டுட்டுத்தான் வரவேண்டியிருந்தது. அதுல பீட்டர்னு 5 வயசு பையன். டூமான்ட் அவனை வித்து, அது கைமாறிக் கைமாறி அலபாமாவுக்குப் போயிடுச்சு. நியூயார்க் சட்டப்படி விடுதலை ஆகப்போற அடிமையை மாநிலத்துக்கு வெளிய விக்கக் கூடாது, குற்றம். இது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சதும் டூமான்ட் வீட்டுக்கே போய் நிக்கறாங்க. வீட்டம்மா ஒரு சின்ன கறுப்புப் பயலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்னு ஏளனம் பண்றா. இவங்க, என் பிள்ளை எனக்கு வந்தே தீரணும்னு சொல்லிட்டு கிளம்பி, குவேக்கர்ன்ற கிறிஸ்தவப் பிரிவு ஆட்கள் உதவியோட கிங்ஸ்டன் கோர்ட்டுக்குப் போறாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, கையில காசு கிடையாது. 1828ல பையன் திரும்பி வந்துட்டான். வெள்ளைக்காரன் மேல கேஸ் போட்டு ஜெயிச்ச முதல் கறுப்பினப் பெண்கள்ல ஒருத்தர்.

பையன் கோர்ட்டுல அம்மாவைப் பாத்ததும் "இவங்க எங்கம்மா இல்ல"ன்னு கதறறான். நெத்தியில என்ன தழும்புன்னு கேட்டா குதிரை உதைச்சதுங்கறான், கன்னத்துல என்னன்னா வண்டியில மோதிக்கிட்டேங்கறான், சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்புறம் தாயோட போய் சட்டையைக் கழட்டிப் பாத்தா முதுகு பூரா விரல் தடிமனுக்கு வரி வரியா தடிப்பு.

அந்தக் கேஸ் காகிதங்க ரொம்ப காலம் எங்க போச்சுன்னே தெரியாம இருந்து 2022ல நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்துல கிடைச்சுது. நாங்க எல்லாம் பழைய கேஸ் கட்டு தேடறப்ப இப்படி ஏதாவது வந்து மாட்டாதான்னு ஏங்குவோம்.

டீக்கடை பெஞ்ச்:

மாமா இதைப் படிச்சப்புறம் வேலை ஓடல. இதை யாரும் ஃபார்வேர்ட் பண்றது இல்லையே ஏன்?

சுடர்விழி:

ரெண்டு நாளா சைலன்ட்டா படிச்சிட்டிருந்தேன். ஒரு விஷயம் உறுத்துது. கறுப்பினப் பெண்ணோட பேச்சுன்னாலே ட்ரூத் மட்டும்தானா? அவங்களுக்கு 19 வருஷம் முன்னாடி, 1832 செப்டம்பர்ல, பாஸ்டன் ஃபிராங்க்ளின் ஹால்ல மரியா ஸ்டுவர்ட்னு ஒரு கறுப்பினப் பெண் ஆணும் பெண்ணும் கலந்து உக்காந்திருந்த கூட்டத்துல அரசியல் பேசினாங்க. அமெரிக்கால பொறந்த பெண்கள்ல அப்படிப் பேசினதுல அவங்கதான் முதல்னு சொல்வாங்க. எதிர்ப்பு தாங்காம அடுத்த வருஷமே ஊரை விட்டுப் போயிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பிரான்சஸ் எல்லன் வாட்கின்ஸ் ஹார்ப்பர். கவிஞர், ட்ரூத் மாதிரி அடிமையா பொறக்கல, பால்டிமோர்ல சுதந்திரக் குடும்பம், நல்லாப் படிச்சவங்க. 1866 மே மாசம் நியூயார்க்ல பெண்ணுரிமை மாநாட்டுல பேசறாங்க. தான் எப்படி இந்த மேடைக்கு வந்தேன்னு ஆரம்பிக்கறாங்க. ஒஹாயோல ஒரு விவசாயியைக் கட்டிக்கிட்டு வெண்ணெய் கடைஞ்சு கொலம்பஸ் சந்தைக்குப் போட்டுக்கிட்டு இருந்தவங்க. புருஷன் கடனோட செத்துட்டாரு. மூணு மாசம்கூட ஆகல, சொத்தை நிர்வாகம் பண்ண வந்த ஆள் கையில வச்சிருந்த பால் சட்டி, துணி துவைக்கற தொட்டி வரைக்கும் வாரிக்கிட்டுப் போயிட்டான். ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போனான், முகம் பாக்கற கண்ணாடி! அப்புறம் சொல்றாங்க, புருஷனுக்குப் பதிலா நான் செத்திருந்தா என்ன ஆகிருக்கும், இந்நேரம் அவருக்கு இன்னொரு கல்யாணம்கூட ஆகிருக்கும், எவனும் வீட்டுக்குள்ள பூந்து கட்டிலை வித்திருக்க மாட்டான்.

இது வரைக்கும் வெள்ளைக்காரப் பெண்கள் தலையாட்டிக் கேட்டிருப்பாங்க. அடுத்ததா அவங்க பக்கமே திரும்பிட்டாங்க. "நீங்க இங்க உரிமையைப் பத்திப் பேசறீங்க, நான் அநியாயத்தைப் பத்திப் பேசறேன்." ட்ராம்ல ஏறினா கண்டக்டர் என்னை ஏத்திக்கிட்டுப் போகறதுக்குப் பதிலா வண்டியையே நிறுத்திடுவான், ரயில்ல போனா புகை பிடிக்கற பெட்டியில உக்கார வைக்கறாங்க, ஓட்டு கிடைச்சதும் வெள்ளைக்காரப் பெண்கள் எல்லாம் பனித்துளி மாதிரி சுத்தமா ஆயிடுவாங்கன்னு நான் நம்பலன்னு போட்டு உடைக்கறாங்க.

பரமசிவம் அண்ணா, வெள்ளைக்காரிக்கு ஒரு நியாயம் கறுப்பிக்கு ஒரு நியாயம்னு நறுக்குனு சொன்ன பேச்சு வேணும்னீங்களே. இந்தாங்க, கற்பனை கலப்படம் இல்லாதது.

பாயின்ட் பரமசிவம்:

அந்தக் கண்ணாடி விஷயம் படிச்சு அசந்துட்டேன் தங்கச்சி. சரி, 1863 மேல எனக்கு இருந்த பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்துடுச்சு. ஆனா ஒரு டவுட், ட்ரூத் ஓட்டுரிமை பத்தி நேரடியா பேசினது எங்கயும் பதிவாகலையா? ஆக்ரன்ல பொதுவா உரிமைன்னுதானே வருது.

ரிட்டையர்ட் வாத்தியார்:

பதிவாகியிருக்கிறது தம்பி. 1867 மே மாதம், நியூயார்க், அமெரிக்க சம உரிமைச் சங்கத்தின் கூட்டம். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்துவிட்டது, கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுக் கொடுப்பதா என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். (எனக்கு இப்படித்தான் எழுத வரும், கோபிக்காதீர்கள்.)

ட்ரூத் அம்மையார் அங்கே சொன்னதன் சாரம்: கறுப்பு ஆண்களுக்கு உரிமை கிடைக்கப் போகிறதென்று பெரிய ஆரவாரம், கறுப்புப் பெண்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆணுக்கு மட்டும் கிடைத்து பெண்ணுக்குக் கிடைக்காவிட்டால் அவன் அவளுக்கு எஜமானாகிவிடுவான், பழைய நிலைமைதான் மறுபடியும். கிளறிவிட்டிருக்கும்போதே காரியத்தை நடத்திக்கொள்ள வேண்டும், ஆறிப்போன பிறகு மறுபடி கிளப்ப வெகுகாலம் ஆகும்.

கூலியைப் பற்றியும் பேசினார். வயலில் ஆண் அறுக்க அறுக்க அவனுக்கு ஈடாகக் கதிர்க்கட்டுக் கட்டியிருக்கிறேன், அவனுக்கு இரட்டைக் கூலி, எனக்குப் பாதி. ஜெர்மன் பெண்களுக்கும் இதே கதிதான் என்றார். நீதிமன்றத்தில் பெண்ணுக்காகப் பேச ஆளில்லை, அங்கே பெண்களும் வரவேண்டும், அது பெண்கள் வரத்தகாத இடமென்றால் ஆண்களுக்கும் தகாத இடம்தான் என்று ஒரு போடு போட்டார். வக்கீல் மாமா கவனிக்க.

தனக்கு எண்பதுக்கு மேல் வயது என்று அங்கே சொல்லிக்கொண்டார், உண்மையில் எழுபதுதான் இருக்கும். வயதைக் கூட்டிச் சொல்வது கடைசிவரை போகவில்லை, 1883ல் மிச்சிகனில் பேட்டில் க்ரீக்கில் இறந்தபோது கல்லறையில் ஏறக்குறைய 105 வயது என்றே செதுக்கிவிட்டார்கள்.

வக்கீல் மாமா:

கவனிச்சேன் வாத்தியாரே. அந்தக் கோர்ட் வரி எங்க பார் அசோசியேஷன் நோட்டீஸ் போர்டுல ஒட்ட வேண்டியது.

டீக்கடை பெஞ்ச்:

அப்போ எல்லாரும் ஒரே பக்கம்தானே, ஏன் கிடைக்கல? கறுப்பு ஆண்களுக்கு 1870ல சட்டப்படி வந்துடுச்சு, பெண்களுக்கு 1920னு ஸ்கூல்ல படிச்ச ஞாபகம். நடுவுல 50 வருஷம் என்ன பண்ணிட்டிருந்தாங்க?

சுடர்விழி:

ஒரே பக்கம் இல்ல, அங்கதான் பெரிய சண்டையே. 1869 மே மாசம் அதே சம உரிமைச் சங்கம் கூடுது. அமெரிக்க அரசியல் சட்டத்தோட 15வது திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி ஓட்டு மறுக்கறதை மட்டும் தடுக்குது, பெண் பத்தி ஒண்ணும் சொல்லல. பெண் வாக்குரிமைக்காகப் போராடின வெள்ளைக்காரத் தலைவிங்க எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் ஆன்டனி ரெண்டு பேரும் எங்களை விட்டுட்டு முடியாதுன்னு எதிர்த்தாங்க, அந்த எதிர்ப்புல படிக்காத கறுப்பனுக்கு எங்களுக்கு முன்னாடியான்ற மாதிரி அசிங்கமான பேச்செல்லாம் வந்துச்சு. அடிமையா இருந்து தப்பிச்சு வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், பெண்ணுரிமைக்கு ஆரம்பத்துல இருந்து நின்னவரு, அவரு எந்திரிச்சு, பெண் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுல இருந்து இழுத்து விளக்குக் கம்பத்துல தொங்கவிட்டா அப்ப உங்க அவசரமும் எங்க அவசரமும் ஒண்ணுன்னாரு. கூட்டத்துல ஒரு குரல், இதெல்லாம் கறுப்புப் பெண்ணுக்கும் நடக்கலையா? டக்ளஸ், "நடக்குது, நடக்குது, நடக்குது, ஆனா பெண்ன்றதால இல்ல, கறுப்புன்றதால"ன்னாரு.

அந்த பதில் எனக்கு சமாதானம் ஆகல. கறுப்புப் பெண் அடிபடும்போது எந்தப் பாதி எதுக்காக அடிபடுதுன்னு யார் அளந்து சொல்றது?

ஹார்ப்பர் டக்ளஸ் பக்கம் நின்னாங்க. இனமா பெண்ணான்னு வந்தா சின்ன கேள்வியை விட்டுடறேன்னுட்டாங்க. அந்த வருஷமே சங்கம் உடைஞ்சு ரெண்டு தனித்தனி வாக்குரிமை அமைப்பா போயிடுச்சு.

பாயின்ட் பரமசிவம்:

அப்போ உங்க ஹார்ப்பரே ட்ரூத் 1867ல சொன்னதுக்கு எதிர்ப்பக்கம் போயிட்டாங்கன்னு சொல்றீங்க. அவங்க பண்ணது தப்பா?

சுடர்விழி:

தப்புன்னு எப்படிச் சொல்ல? தெற்குல தினம் கறுப்பர்களைக் கொன்னுட்டிருந்தாங்க, ஓட்டு ஒண்ணுதான் கவசம்னு நம்பினாங்க, ஆம்பளைக்காவது முதல்ல கிடைக்கட்டும்னு நினைச்சதுல ஒரு கணக்கு இருக்கு. எதிர்ல நின்ன வெள்ளைக்காரப் பெண்கள் பேசின பேச்சைக் கேட்டா நானும் அந்தப் பக்கம் போயிருப்பேனோ என்னவோ.

ஆனா ஆறிப்போனா மறுபடி கிளப்ப வெகுகாலம் ஆகும்னு ட்ரூத் சொன்னது நடந்துச்சு. 1872ல அவங்க பேட்டில் க்ரீக்ல ஓட்டுச்சாவடிக்கே போய் நின்னாங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. ஹார்ப்பர் 1911ல செத்தாங்க, 1920க்கு இன்னும் 9 வருஷம் இருக்கு. அந்த 1920 வந்தும் தெற்கு மாநிலக் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் பேப்பர்லதான் இருந்துச்சு, 1965 வாக்குரிமைச் சட்டம் வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியுமான்னு தேர்வு, ஓட்டுப் போட வரி, மிரட்டல்னு விரட்டிட்டே இருந்தாங்க. அதனால என்னைக் கேட்டா ட்ரூத் பக்கம்தான் நிப்பேன், ஹார்ப்பர் மேல இருக்கற பிரியம் குறையாமலே.

ஒஹாயோ தமிழச்சி:

சுடர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல பெண்ணுரிமை முன்னோடிகளுக்குன்னு சிலை வைக்க முதல்ல போட்ட டிசைன்ல ஸ்டான்டனும் ஆன்டனியும் மட்டும்தான். எதிர்ப்பு கிளம்பினப்புறம்தான் ட்ரூத்தைச் சேத்து 2020 ஆகஸ்ட் 26ல திறந்தாங்க. மூணு பேரும் ஒரே மேஜையைச் சுத்தி. 1869 சண்டை தெரிஞ்சவங்களுக்கு அந்த மேஜையைப் பாத்தா சிரிப்பு வரும்.

வக்கீல் மாமா:

சிரிப்பு என்னம்மா, அந்த மேஜையில ஹார்ப்பருக்கு நாலாவது நாற்காலி போட்டிருந்தா அன்னைக்கே மறுபடி சங்கம் உடைஞ்சிருக்கும். சுடர்விழி, 1866 பேச்சு முழுசையும் நம்ம பேச்சுத் தமிழ்ல போடுங்க, தனி இழையா. கடன்காரன் சட்டம் பத்தின பாகத்துக்கு நான் வந்து விளக்கம் எழுதறேன், புருஷன் கடனுக்கு பொண்டாட்டி சட்டி பானையை எந்தச் சட்டத்துல எடுத்தான்னு பாக்கணும்.